செயலாளரின் ஆண்டறிக்கை: வீட்டுப் பழ ஐஸும் சின்னக் கிண்ணமும்

மதிப்பிற்குரிய தலைவர் அம்மா அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சத்துவாச்சாரியின் எல்லாத் தெருக்களிலிருந்தும் வந்திருக்கும் நம் குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். எரியாத தெருவிளக்குகளுக்காக மனு கொடுத்தோம், பெரும்பாலானவை இப்போது எரிகின்றன. பொங்கல் கோலப்போட்டி நல்லபடியாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு நாம் புதிதாகக் கையில் எடுத்தது, வீட்டிலேயே பழத்தில் ஐஸ் செய்யும் கோடைப் பயிற்சி. அதைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச வேண்டும்.

நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வேலூருக்கு வழக்கம். மாலையானால் ஒவ்வொரு வீட்டிலும் குளிர்ச்சியாக ஏதாவது கேட்கிறார்கள். பெரிய டப்பாவில் ஐஸ்கிரீம் வாங்கி வைத்தால் பிள்ளைகள் ஸ்பூனோடு ஃப்ரிட்ஜ் முன்னால் நிற்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ள தாத்தா பாட்டிக்கு ஒரு வாய்கூடக் கிடைப்பதில்லை. “எனக்கு மட்டும் ஏம்மா வெறும் மோரு?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் செயற்குழுவில் கேட்டார். வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தோம்.

பயிற்சி சமுதாயக் கூடத்தில் நடந்தது. முதலில் செய்தது மாம்பழ ஐஸ். அரை லிட்டர் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே நாலு மணி நேரம் வடியவிட்டால் சுமார் 200 கிராம் கெட்டித் தயிர் கிடைக்கும். வடிந்த தண்ணீரைச் சப்பாத்தி மாவில் ஊற்றிப் பிசையலாம். நன்றாகப் பழுத்த பங்கனப்பள்ளிச் சதை 300 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, இவற்றோடு அந்தத் தயிரையும் மிக்ஸியில் அடித்தால் கலவை தயார். சர்க்கரை போடவில்லை. குளிர்ந்த பிறகு நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். ஆகவே உறையும் முன் ருசி பார்க்கும்போது சற்றுத் தூக்கலாக இனிக்க வேண்டும். பாதி பழுத்த பழம் வாங்கினால் சர்க்கரையைத் தேடிப் போக வேண்டியதாகிவிடும்.

இங்கேதான் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. இந்தக் கலவையை ஒரே டப்பாவில் ஊற்றக் கூடாது. 60 மில்லி பிடிக்கும் சின்னக் கிண்ணங்களில், குழிக்கரண்டியால் அளந்து எட்டுப் பங்காக ஊற்றி, மூடி, அதன் பிறகே ஃப்ரீசரில் வைக்க வேண்டும். பெரிய டப்பாவிலிருந்து எடுக்கும்போது எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரிவதில்லை. பங்கை ஊற்றும்போதே பிரித்துவிட்டால் சாப்பிடும் நேரத்தில் யாரும் யாரையும் கண்டிக்க வேண்டியதில்லை. கிண்ணம் போதாத வீட்டில் துளையில்லாத இட்லித் தட்டில் ஊற்றினார்கள். உறைந்ததும் எடுத்து டப்பாவில் அடுக்கி வைத்துக்கொண்டார்கள். அருமையான யோசனை, நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

கணக்கு கேட்டவர்களுக்காக: சாதாரணப் பாலில் தயிர் போட்டால் ஒரு கிண்ணத்தில் ஏறக்குறைய 50 கலோரி வரும். 100 கிராமுக்குப் பார்த்தால் 75 முதல் 80. கடை ஐஸ்கிரீம் 100 கிராமுக்குச் சுமார் 200. கிண்ணத்துக்குக் கிண்ணம் ஒப்பிட வேண்டாம். கடை ஐஸ்கிரீமில் காற்று நிறைய அடைத்திருப்பார்கள், எடையை வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். அப்புறம், கடையில் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். நம் நாட்டு விதிப்படி ‘ஐஸ்கிரீம்’ என்று மட்டும் போட்டிருந்தால் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். ‘ஃப்ரோஸன் டெசர்ட்’ என்றால் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்திருப்பார்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பழத்தில் இருக்கும் சர்க்கரை உறைந்தாலும் அங்கேயேதான் இருக்கும். ஒரு கிண்ணத்தில் இருப்பது சுமார் 40 கிராம் மாம்பழம். அன்றைக்குச் சாப்பிடும் பழத்தின் கணக்கில் அதையும் சேர்த்து, உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

இனிப்பு குறைந்தால் ஐஸ் கல்லாக உறையும். சர்க்கரைதான் அதை மென்மையாக வைத்திருப்பது. கெட்டித் தயிர் ஓரளவு கைகொடுக்கும். சாப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே வெளியே எடுத்து வைத்தால் ஸ்பூன் இறங்கும். தர்பூசணியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அதைக் கிண்ணத்தில் ஊற்றினால் பாறைதான். அகலமான தட்டில் ஊற்றி, அரை மணிக்கு ஒரு முறை முள்கரண்டியால் சுரண்டிவிட்டால் பொடிப் பொடியாக உதிரும். அன்னாசியைப் பச்சையாகத் தயிரில் சேர்க்காதீர்கள், கசந்துவிடும். ஒரு கொதி விட்டு ஆறவைத்துச் சேர்த்தால் சரியாக இருக்கும்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது மோரிஸ் வாழைப்பழம். தோல் கறுத்து, தூக்கிப் போடலாமா என்று யோசிக்கும் நிலையில் உள்ள பழமே இதற்கு ஏற்றது. வட்ட வட்டமாக நறுக்கி இரவு முழுக்க உறையவிட்டு, காலையில் மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டினால், பாலே இல்லாமல் க்ரீம் போல வந்துவிடுகிறது. அதில் உள்ள பெக்டின் என்ற நார்ச்சத்து தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் ஐஸ் துகள் பெரிதாவதில்லை. மிக்ஸியை ஒரே மூச்சில் ஓட்டினால் மோட்டார் சூடாகும், நிதானம் தேவை.

கரண்ட் போய் ஐஸ் உருகிவிட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். குளிர்ச்சி போவதற்குள் மில்க்ஷேக் மாதிரி குடித்து முடித்துவிடுங்கள். மறுபடி உறையவைத்தால் மணல் போல நறநறக்கும், கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு.

பயிற்சிக்கு ஆண்களும் வந்தார்கள் என்பதைத் தனியாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இப்போது வாரந்தோறும் பேரப்பிள்ளைகளுக்குக் கிண்ணங்களை நிரப்பி வைக்கிறாராம். மோர் கேள்வி கேட்ட அம்மாவுக்கும் அவருடைய மருத்துவர் அரைக் கிண்ணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு வேலைகளை முன்வைக்கிறது. ஜவ்வாது மலைச் சீதாப்பழம் வரும் பருவத்தில் அடுத்த பயிற்சி. அதில் விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும், அவை அரைபட்டால் உடலுக்கு ஆகாது. இரண்டாவது, சங்கத்துக்கென்று மூடியுள்ள எவர்சில்வர் சின்னக் கிண்ணங்கள் வாங்கி, விசேஷங்களுக்கு உறுப்பினர்களுக்கு இரவல் தருவது. பேப்பர் கப் குப்பையும் குறையும். இதற்கான தொகையைப் பொது நிதியிலிருந்து எடுக்க உறுப்பினர்களின் சம்மதம் வேண்டும்.

கூடத்தை இலவசமாகத் தந்தவர்களுக்கும், தங்கள் வீட்டு ஃப்ரீசரில் இடம் ஒதுக்கிக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும் நன்றி கூறி, இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்