மல்லுக்கு நிற்கிறேன், மாப்ள

அபுதாபி
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்டேன். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. பாப்பாவுக்கு அக்ரி சீட் கிடைத்ததற்கு உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் வாழ்த்து. நம்ம செட்டில் ஒரு வீட்டிலாவது சோறு போடுகிற படிப்பு! மீதி நேரம் முழுக்க நீ என்னைத் திட்டியதுதான். "நாப்பத்தி நாலு வயசுல கட்டிப்புரண்டு மெடல் வாங்கி என்னடா பண்ணப் போற?" போனில் பதில் சொன்னால் நடுவில் புகுந்து ஓட்டுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ நினைக்கிற மாதிரி மூக்கை உடைத்துக்கொள்ளும் விளையாட்டு இல்லை இது. பிரேசிலியன் ஜூஜிட்சுவில் குத்தும் கிடையாது, உதையும் கிடையாது. ஆளைக் கீழே தள்ளி, மேலே ஏறி, கழுத்தையோ கை மூட்டையோ பூட்ட வேண்டும். பூட்டு விழுந்தால் கையால் இரண்டு தட்டு தட்டினால் போதும், அந்த நொடியே விட்டுவிடுவார்கள். பாக்ஸிங் என்றால் நான் போயிருக்கவே மாட்டேன். ஒலிம்பிக் பாணி பாக்ஸிங்கின் சர்வதேசப் போட்டிகளில் 40 தாண்டியவனை ரிங்கில் ஏற்றுவதில்லை. தலையில் வாங்கும் அடியை நினைத்தால் அது நியாயம்தான்.

எப்படி இதில் மாட்டினேன் என்று கேட்டாய். இந்த ஊரில் மாட்டாமல் இருப்பதுதான் கஷ்டம். இங்கே அரச குடும்பத்து ஷேக் தஹ்நூன் அமெரிக்காவில் இருந்தபோது இதைக் கற்றுக்கொண்டு வந்து, 1998-லேயே அபுதாபியில் பெரிய மல்யுத்தப் போட்டி ஒன்றைத் தொடங்கிவைத்தார். 2008-லிருந்து பள்ளிக்கூடங்களில் பாடமாகவே இருக்கிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜூஜிட்சுவை முதன்முறையாகச் சேர்த்தபோது எமிரேட்ஸ்காரர்கள் தங்கமும் வாங்கினார்கள். நான் பையனைத்தான் சேர்த்தேன். அவன் கொஞ்ச நாளிலேயே ஃபுட்பால் பக்கம் போய்விட்டான். வருஷ ஃபீஸ் கட்டியாகிவிட்டது, திருப்பித் தரமாட்டார்கள். வீணாகக் கூடாதே என்று போனவன் நான்.

உடம்பு என்ன பாடு படுகிறது என்பதை மறைக்கவில்லை. கி என்று ஒரு தடித்த பருத்திச் சட்டை. அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்துப் பிடித்து விரல் கணு எல்லாம் வீங்கிக் கிடக்கும். காலையில் பல்லுவிளக்க பிரஷ்ஷைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இருபத்தைந்து வயதுப் பையன் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிற சுளுக்கு எனக்கு மூன்று வாரம் நிற்கிறது. படர்தாமரைகூட ஒரு முறை வந்தது. உன் தங்கச்சி என் துணியைத் தனியாகத் துவைக்கச் சொல்லிவிட்டாள். அதனால் வாரத்துக்கு மூன்று நாள்தான் போகிறேன். அதற்கு மேல் ஆசைப்பட்டால் முழங்கால் போய்விடும்.

சரி, பயிற்சி போதாதா, போட்டி எதற்கு என்பாய். இதுதான் விஷயம். எங்கள் கிளப்பில் பாதிப் பேர் என் பையனை விடக் கொஞ்சம் பெரியவர்கள். என்னோடு மோதும்போது "அங்கிள், கழுத்து ஓகேவா?" என்று கேட்டுக் கேட்டுப் பிடிக்கிறார்கள். நான் ஒரு பிடி போட்டால் பாவம் பார்த்துத் தட்டுகிறார்களா, நிஜமாகவே விழுந்ததா என்று தெரியாது. ஆபீஸிலும் அதே கதைதான். எஸ்டிமேஷனில் நான் போடுகிற ரேட்டைப் பார்த்து ஜூனியர்கள் ஒருத்தனும் "சார், இது தப்பு" என்று சொல்வதில்லை. வயசும் பதவியும் ஏற ஏற எல்லோரும் நமக்கு விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள், மாப்ள. நமக்கு நிஜத்தில் எவ்வளவு தெரியும் என்பதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. என்னைத் தெரியாத, எனக்கு மரியாதை தர வேண்டிய அவசியம் இல்லாத ஒருவன் முழு பலத்தோடு வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை. அவ்வளவுதான். இதில் கொஞ்சம் வீம்பும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அதற்காக இருபது வயதுக்காரனோடு மோதவிட மாட்டார்கள். 30 ஆனாலே மாஸ்டர்ஸ் என்கிற மூத்தோர் பிரிவு. அதற்குள்ளும் ஐந்து, ஆறு வருஷத்துக்கு ஒரு பிரிவு. 41 முதல் 45 வரை மாஸ்டர் 3. பிறகு தேர்ச்சியைக் காட்டும் பெல்ட் நிறம், பிறகு எடை. மோதுகிற பாயில் ஏறுவதற்குச் சற்று முன்னால் கி-யோடு சேர்த்து நிறுப்பார்கள். எனக்கு 82.3 கிலோ பிரிவு. நூறு கிராம் கூடினாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், மறுவாய்ப்பு கிடையாது. சிலர் பட்டினி கிடந்து, தண்ணீர் குடிக்காமல் எடையைக் குறைக்கிறார்கள். நம் வயதில் அது சுத்த மடத்தனம். நான் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்.

எதிரே நின்றவர் ஒரு எகிப்துக்காரர். கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தார். பார்த்தால் ஸ்கூல் வாத்தியார் மாதிரி இருந்தார். ரெஃபரி கையை இறக்கியதும் என்னைத் தூக்கிப் போட்டார்: இரண்டு புள்ளி. என் காலைத் தாண்டிப் பக்கவாட்டில் வந்து அமுக்கினார்: மூன்று. நெஞ்சில் ஏறி உட்கார்ந்தார்: நான்கு. ஒன்பதுக்குப் பூஜ்யம். ஐந்து நிமிடம் என்பது அவ்வளவு நேரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூச்சு விடவே மறந்துவிட்டேன். கடைசியில் இடுப்பைத் தூக்கி அவரை ஒரு பக்கம் புரட்டிவிட்டு மேலே வந்தேன். கோச் தொண்டை கிழியக் கத்தினார். அப்படித் தப்பிப்பதற்குப் புள்ளி கிடையாது என்பது வேறு விஷயம். ஆனால் மாப்ள, அவர் எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அது நானே புரட்டியது.

முடிந்தபின் முன்கை கல்லாகிவிட்டது. தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக விரல் மடங்கவில்லை. அந்த எகிப்துக்காரர்தான் வாங்கித் திறந்துகொடுத்தார். அடுத்த ஆட்டத்தில் ஒரு கழுத்துப் பூட்டில் தட்டிவிட்டு வந்தேன், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் பிரிவில் மொத்தமே மூன்று பேர். ஆகவே வெண்கலம்! உன் தங்கச்சி போட்டோவை ஃபேமிலி குரூப்பில் போட, மணப்பாறைப் பெரியப்பா "பாரதத்துக்குப் பெருமை" என்று எழுதிவிட்டார். எத்தனை பேர் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, நீயும் வாயைத் திறக்காதே.

அந்தோணி போர்டெய்ன் என்று டிவியில் ஊர் ஊராய்ப் போய்ச் சாப்பிடுவாரே, அமெரிக்க சமையல்காரர், அவர் ஐம்பதின் கடைசியில் இதைத் தொடங்கி, 2016-இல் நியூயார்க் போட்டியில் தங்கம் வாங்கினார். நீல பெல்ட், அவர் வயதுக்காரர்கள் பிரிவு. நான் இன்னும் அதற்கும் கீழே, வெள்ளை பெல்ட்தான்.

இப்போது உன் விஷயம். திட்டி முடித்துவிட்டுக் கடைசியில் மெதுவாக, "சிலம்பக் கம்பை மறுபடி எடுக்கலாமான்னு பாக்குறேன்" என்றாயே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். எடு. ஆனால் உனக்குச் சர்க்கரை இருக்கிறது. முதலில் இ.சி.ஜி. எடுத்துவிடு. கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்டிவிடு. விழித்திரையில் கோளாறு இருந்தால் மூச்சடக்கி முக்குகிற வேலையெல்லாம் கூடாது. வெறுங்காலில் ஆடிவிட்டு வந்தால் பாதத்தை விரல் இடுக்குவரை பார். முதல் வருஷம் தனியாகக் கம்பு சுற்றிக் காட்டுகிற தனித்திறமையில் மட்டும் இறங்கு, எதிராளியைக் கம்பால் தொடுகிற தொடுமுறையைப் பிறகு பார்க்கலாம். ஆசான் இன்னும் இருக்கிறாரா? இருந்தால் என் வணக்கத்தைச் சொல்.

மச்சினன் 14-ந்தேதி திருச்சியிலிருந்து கிளம்புகிறான். அவன் கையில் வலிக்குத் தேய்க்க இரண்டு பாட்டில் பிண்ட தைலம் கொடுத்துவிடு. யாருக்கு என்று அவன் கேட்டால் உன் தங்கச்சிக்கு என்று சொல்லிவை. செக்-இன் பெட்டியில் வைக்கச் சொல், கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள்.

அன்புடன்,
சேகர்