பெட்பேன் வைக்க மூணு வருஷப் படிப்பா?

சிட்னி
17.8.2025

அன்புள்ள அம்மா,

வெள்ளிக்கிழமை வீடியோ காலில் நீ ஆச்சியைக் காட்டியபோது முகம் மட்டும்தான் தெரிந்தது. படுக்கைப் புண் வருகிறதா என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது முதுகும் குதிகாலும். போனைக் கொஞ்சம் கீழே கொண்டு போ என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் பெரியப்பா உட்கார்ந்திருந்தார்கள், ஆச்சியும் முழித்துக்கொண்டுதான் இருந்தாள். இடது கையும் காலும் விழுந்துவிட்டதே தவிர ஆச்சிக்குக் காது நன்றாகவே கேட்கும். அதனால்தான் இந்தக் கடிதம். தபால் வந்து சேர நாளாகும், அதனால் போட்டோ எடுத்து அப்பாவின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்புகிறேன். ஆனால் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே. கடைசிப் பக்கம் ஆச்சி கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுவதற்கு.

பெரியப்பா கேட்டார்களே, "பெட்பேன் வைக்கிறதுக்கு மூணு வருஷப் படிப்பா? அதுக்கு வீட்டுப் பத்திரத்தை வேற பேங்குல வச்சாச்சு" என்று. படுத்திருக்கிறவர்களுக்குக் கழிப்புத் தட்டு வைப்பதுதான் நான் படிக்கிற நர்சிங் என்று நினைக்கிறார்கள் போல. நான் சிரித்து மழுப்பிவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. முதல் செமஸ்டரில் எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. முதல் வாரம் கை கழுவுவது எப்படி என்று பாடம். அடுத்த வாரம், ஆள் படுத்திருக்கும்போதே கட்டில் விரிப்பை மாற்றுவது எப்படி. நீ அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்து, உலை கொதிப்பதற்குள் ஒற்றை ஆளாக முடிக்கிற வேலை. வருடத்துக்கு முப்பதாயிரம் டாலருக்கு மேல் கட்டி இதைப் படிக்கவா வந்தேன் என்று வயிறு எரிந்தது.

அப்புறம் பிளேஸ்மென்ட், அதாவது நேரில் வேலை பழகுகிற வாரங்கள், வந்தது. இங்கே பி.எஸ்சி. நர்சிங் மாதிரியான இந்தப் படிப்பை முடிக்கக் குறைந்தது 800 மணி நேரம் ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் நின்று வேலை பழக வேண்டும். ஷிப்ட் முழு ஷிப்ட், சம்பளம் ஒரு காசு கிடையாது. 2025 ஜூலையிலிருந்து தகுதியுள்ள உள்நாட்டு மாணவர்களுக்கு அரசு அந்த நாட்களில் வாரத்துக்கு 300 டாலருக்கு மேல் கொடுக்கிறது. எங்களைப் போல் விசாவில் வந்தவர்களுக்கு அது இல்லை.

முதல் பிளேஸ்மென்டில், இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன் ஆன ஒரு பெரியவரைக் குளிப்பாட்டச் சொன்னார்கள். எண்பதைத் தாண்டியவர். நம் ஊரில் ஆஸ்பத்திரி என்றால் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து வீட்டு ஆள் ஒருவர் இருப்பார். துடைப்பது, ஊட்டுவது, பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர் பாடு. ஊசியும் மருந்தும்தான் சிஸ்டர் பார்ப்பார். இங்கே வீட்டு ஆட்கள் பூவோடு வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். மீதி அத்தனையும் நர்ஸ்தான்.

"என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு" என்றார் அவர். தாத்தா வயதுக்காரரை எப்படி? நாக்கு எழவில்லை. மூன்று நாள் பெயரே சொல்லாமல் "எக்ஸ்க்யூஸ் மீ"யிலேயே ஓட்டினேன். துணியை விலக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும்: முதுகைத் துடைக்கட்டுமா, காலைத் தூக்கட்டுமா. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மூன்று நாள் குளிக்காதவராக இருந்தாலும் சரி. நீ ஆச்சியிடம் கேட்பாயா? "கெழவி, திரும்பு" என்பாய், அவளும் திட்டிக்கொண்டே திரும்புவாள். அதுவும் ஒரு மாதிரி அனுமதிதான் என்று வை.

இரண்டாம் நாள் மத்தியானம் அவர் "ஐ ஃபீல் குரூக்" என்றார். குரூக் என்றால் திருடன் என்றுதானே நாம் படித்திருக்கிறோம். பெரியவர் ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்று சிரித்து வைத்தேன். உடம்பு சரியில்லை என்பதைத்தான் இங்கே பழைய ஆட்கள் அப்படிச் சொல்வார்களாம். பி.பி., நாடி, காய்ச்சல், ஆக்ஸிஜன் எல்லாம் பார்த்தேன். மூச்சு எத்தனை என்கிற கட்டத்தில் 16 என்று எழுதினேன். எண்ணவில்லை, அம்மா. அதற்கு முந்தைய கட்டங்களிலும் 16, 18, 16 என்று இருந்தது. நானும் அதையே போட்டுவிட்டேன்.

மேற்பார்வை நர்ஸ் சார்ட்டைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மறுபடி எண்ணு, முழு ஒரு நிமிடம்" என்றார். நாடி பிடிக்கிற மாதிரி மணிக்கட்டில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை நெஞ்சில் வைத்து எண்ண வேண்டும். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் ஆள் மூச்சை மாற்றிவிடுவார். எண்ணினேன். 28. பெரியவர்களுக்கு 12-லிருந்து 20 வரை இயல்பு. இங்கே சார்ட்டிலேயே மஞ்சள் பட்டையும் சிவப்புப் பட்டையும் அச்சடித்திருக்கும். எண் மஞ்சளில் விழுந்தால் பொறுப்பு நர்ஸுக்குச் சொல்ல வேண்டும், சிவப்பில் விழுந்தால் அவசரக் குழுவையே கூப்பிட வேண்டும். யாருக்குத் தோன்றுகிறது, தோன்றவில்லை என்பதெல்லாம் அப்புறம். டாக்டர் வந்தார், எக்ஸ்ரே எடுத்தார்கள், நிமோனியா ஆரம்பித்திருந்தது. அவர் பிழைத்து எழுந்து நடந்து போனார். என்னை யாரும் திட்டவில்லை. "நீ ஏன் 16 என்று எழுதினாய், இரண்டு பக்கம் எழுதிக் கொண்டு வா" என்றார்கள். திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது போன மார்கழிதான் ஞாபகத்துக்கு வந்தது. நீ அடுக்களை வாசலில் நின்றபடியே "அத்தைக்கு மூச்சு இளைக்குது" என்றாய். டாக்டரிடம் கூட்டிப் போனால் "வயசானா அப்படித்தான்மா" என்று அனுப்பிவிட்டார். நாலு நாள் கழித்து அட்மிட் பண்ண வேண்டி வந்தது. உனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. எனக்கு எண்ணினால்தான் தெரிகிறது. ஆனால் "மூச்சு இளைக்குது" என்றால் வீட்டுக்கு அனுப்புகிறவர், "நிமிடத்துக்கு 28, நேற்று 18" என்றால் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பார். பெரியப்பாவிடம் இதைச் சொல். அந்த மூன்று வருடத்தில் பாதி இதற்குத்தான்.

இன்னொரு பாதி கணக்கு. அப்பாவுக்குப் பிடிக்கும், படித்துக் காட்டு. டாக்டர் 75 மில்லிகிராம் எழுதியிருக்கிறார், ஆம்பூலில் 2 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கிறது, எவ்வளவு உறிஞ்சுவாய்? 1.5 மில்லி. இவ்வளவுதான். எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆனால் நூற்றுக்கு நூறு வாங்கினால்தான் பாஸ். முதல் தடவை நான் இருபதுக்குப் பத்தொன்பது வாங்கி ஃபெயில். விடை சரி, எழுதியது தப்பு. 0.5 என்று எழுதாமல் முன்னால் பூஜ்யம் இல்லாமல் .5 என்று எழுதிவிட்டேன். புள்ளி மங்கலாக விழுந்தால் படிக்கிறவர் 5 என்று படிப்பார், பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். மார்க் போட்டவரோடு சண்டைக்குப் போனேன். அவர் .5 என்று எழுதிய ஒரு காகிதத்தை மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்து "இங்கிருந்து படி" என்றார். நான் பேசாமல் திரும்பி வந்தேன். அப்பா வகுப்பில் பூஜ்யம் விட்டவர்களுக்கு முழு மார்க் போட்டிருந்தால் இனிமேல் போட வேண்டாம் என்று சொல்.

வேலை விஷயம். படிக்கிற காலத்தில் எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்க அனுமதி. முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை பார்க்கிறேன், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகிறது. 2023 ஜூலையிலிருந்து இந்த மாதிரி இல்லங்களில் ஒரு பதிவு பெற்ற நர்ஸ் 24 மணி நேரமும் இருந்தாக வேண்டும் என்று சட்டம். ஒரு முதியவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 215 நிமிடம் கவனிப்பு, அதில் 44 நிமிடம் பதிவு பெற்ற நர்ஸ் கையால், என்று நிமிடக் கணக்கே உண்டு. ஆச்சிக்கு நீ பார்ப்பதை ஒரு நாள் உட்கார்ந்து கூட்டினேன். 215-ஐ மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே தாண்டிவிட்டாய்.

அங்கே ஒரு பாட்டி இருக்கிறார். பழைய நர்ஸ். எங்களை "சிஸ்டர்" என்று கூப்பிடுவார், நம் ஊர் மாதிரியே. இங்கே இளையவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இந்த நாட்டில் முறையான நர்சிங்கே 1868-இல் லூசி ஆஸ்பர்ன் என்ற பெண் ஐந்து பேரோடு கப்பலில் வந்து இறங்கியதில் ஆரம்பித்தது, நைட்டிங்கேல் அம்மையார் அனுப்பி. அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரி இப்போதும் மக்குவாரி தெருவில் இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் பெண்கள் ஆஸ்பத்திரியிலேயே தங்கி, வேலை பார்த்துக்கொண்டே படித்தார்கள். இந்த மாநிலத்தில் 1985-இல்தான் அதைக் கல்லூரிக்கு மாற்றினார்கள். பாட்டிக்கு அதில் இன்னும் மனசு ஆறவில்லை. "நீங்கள் புத்தகம் படித்தீர்கள், நாங்கள் பெட்பேன் தேய்த்தோம்" என்பார். பெரியப்பாவும் அவரும் உட்கார்ந்தால் நன்றாகப் பேசிக்கொள்வார்கள்.

மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன். குளிர் எலும்பைக் குடைகிறது. வென்ட்வொர்த்வில்லில் நாலு பேர் ஒரே வீட்டில், நடந்து போகிற தூரத்தில் கடையில் தேங்காயும் புளியும் கிடைக்கிறது. மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு ஷிப்ட் இல்லாத வெள்ளிக்கிழமை போகிறேன். நீ கொடுத்துவிட்ட கல்லிடைக்குறிச்சி அப்பளம் போன மாதமே தீர்ந்தது. சொதி வைத்தேன், வாயில் வைக்க முடியவில்லை.

படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருடம். முடித்ததும் தனியாகப் பரீட்சை கிடையாது, நர்சிங் போர்டில் பதிந்தால் நர்ஸ்தான். முதல் வருட வேலை கிடைப்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்குக் கஷ்டம் என்கிறார்கள். பார்ப்போம்.

இனி வருவது சுவரில் ஒட்ட வேண்டிய பக்கம்.

சிவந்த இடத்தைத் தேய்க்காதே, அம்மா. தேங்காய் எண்ணெய் போட்டு நீ அழுத்தித் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அடியில் ஏற்கெனவே நசுங்கிய சதை, தேய்த்தால் இன்னும் கிழியும். எண்ணெயைத் தடவு, தேய்க்க வேண்டாம். எங்கள் புத்தகத்தில் விரலால் அமுக்கி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்கிறதா பார் என்று எழுதியிருக்கிறது. வெளுக்காவிட்டால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் படத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். ஆச்சி தோலில் சிவப்பும் தெரியாது, வெளுப்பும் தெரியாது. அதனால் புறங்கையை வைத்துப் பார். பக்கத்து இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கல் மாதிரி இருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா. இடுப்புக்குக் கீழே வால் எலும்பு, இரண்டு இடுப்புப் பக்கம், இரண்டு குதிகால். தினமும், குளிப்பாட்டும்போது.

சித்தப்பா வாங்கிக் கொடுத்த ரப்பர் வளையத்தை எடுத்துப் பரணில் போட்டுவிடு. அது நடுவில் இருக்கிற சதைக்கு ரத்தம் போகவிடாது. முடிந்தால் காற்றுப் படுக்கை வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள்.

குதிகால் மெத்தையில் படவே கூடாது. தலையணையைக் கெண்டைக்காலுக்குக் கீழே நீளவாக்கில் வை, குதிகால் அந்தரத்தில் நிற்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பு. முழுக்கப் பக்கவாட்டில் வேண்டாம், முதுகுக்கு ஒரு தலையணை அண்டை கொடுத்துப் பாதி சாய்வாக.

சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வை, சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குப் படுக்க விடாதே. விழுந்த இடது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் நழுவிவிடும்.

அப்புறம் உன் இடுப்பு. இங்கே ஆளைத் தூக்கினால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். யாரும் யாரையும் தூக்குவதில்லை. வழுக்குகிற துணி ஒன்றை அடியில் விரித்து நகர்த்துவோம், இல்லையென்றால் மெஷின். நீ மூன்று வருடமாக ஆச்சியை அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறாய், அதுதான் உனக்கு ராத்திரி தூங்கவிடாத வலி. பழைய போர்வையை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் போட்டே வைத்திரு. மேலே நகர்த்த வேண்டுமானால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள் நின்று, போர்வையை உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லி இழுக்க வேண்டும். தனியாகச் செய்யாதே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, இங்கே பன்னிரண்டரை, கூப்பிடுகிறேன். அதற்குள் இடது குதிகாலைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து வை. அப்பா ஸ்கூலுக்குப் போயிருக்கிற நேரமென்றால் பெரியப்பாவைக் கூப்பிட்டு, போர்வையின் அந்தப் பக்கத்தைப் பிடிக்கச் சொல்.

உன் மகள்