தொப்பையோடு ரெஸ்லிங் கற்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டி.வி. ரெஸ்லிங் நிகழ்ச்சியான டபிள்யூ.டபிள்யூ.எஃப் அட்டைகளை வைத்து விளையாடிய பிள்ளைகளுக்கு இப்போது முப்பது, முப்பத்தைந்து வயது. அவர்களில் சிலர் தொப்பையைத் தடவிக்கொண்டே, 'இனிமேல் ரெஸ்லிங் கற்க முடியுமா?' என்று கேட்கிறார்கள். அந்த நிகழ்ச்சியில் மோதிய இந்திய வீரர் கிரேட் காளி 2015-ல் பஞ்சாபின் ஜலந்தரில் பயிற்சிக்கூடம் தொடங்கிவிட்டதால், கற்க அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. பருமனும் தடையில்லை, குண்டான ஆட்களுக்கு இந்தத் தொழிலில் எப்போதும் இடம் உண்டு. இடைஞ்சல் செய்வது மூச்சிரைப்புதான்.

இந்த ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்பது முன்பே பேசிவைத்தது. ஆனால் விழுவது நிஜம். இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம், கேன்வாஸ்: ரிங் என்பது இவ்வளவுதான். களைத்தவனுக்குக் கழுத்து தளரும், மோவாய் மேலே போகும், பின்மண்டை பலகையில் மோதும். அவன் இன்னொருவரைத் தூக்கியிருந்தால் அடி அந்த ஆளுக்கு. அதனால்தான் சேருவதற்கு முன் மூன்று மாதம் வீட்டிலேயே தயாராகச் சொல்கிறோம்.

முதலில் டாக்டரிடம் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். முதல் மாதம் வாரத்துக்கு ஐந்து நாள் அரை மணி வேக நடை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போன்ற பஸ்கி, பத்துப் பத்தாக மூன்று முறை. தண்டாலைத் தரையில் தொடங்காதீர்கள். சுவரில் கை ஊன்றி, பிறகு மேசை விளிம்பில், அப்புறம் தரைக்கு வாருங்கள். இரண்டாம் மாதம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. மூன்றாம் மாதம் அரை நிமிடம் முழு வேகம், அரை நிமிடம் மெதுவாக, எட்டுச் சுற்று. கழுத்துக்கு, உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் தள்ளி, தலை அசையாமல் பத்து விநாடி நிறுத்துங்கள். பின்பக்கம், இருபக்கமும் அதேபோல். தலையை ஊன்றி வில்லாய் வளையும் 'பிரிட்ஜ்' தனியாகச் செய்ய வேண்டாம். ஐம்பது பஸ்கியும் பதினைந்து தண்டாலும் நிற்காமல் வந்து, தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிந்தால் சேரலாம். இது எங்கள் கணக்கு. கூடுதலாகக் கேட்கும் இடங்களும் உண்டு.

சில பயிற்சிக்கூடங்களில் முதல் நாளே நூற்றுக்கணக்கில் பஸ்கி போடச் சொல்லி 'தாங்குகிறானா' என்று பார்ப்பார்கள். வீரம் என்ற பெயரில் நடக்கும் இந்த மடத்தனத்துக்குத் தலையாட்டாதீர்கள். பழகாத தொடையில் தசை சிதைந்து, அதிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஓரிரு நாளில் தொடை வீங்கி, சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வலி மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்வது சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும்.

சேர்ந்ததும் முதல் பாடம் குட்டிக்கரணம், அடுத்தது 'பம்ப்' எனப்படும் விழும் முறை. முதலில் உட்கார்ந்த நிலையிலிருந்து, பிறகு குந்திய நிலையிலிருந்து, கடைசியாக நின்றபடி; ஆரம்பத்தில் தடித்த மெத்தை மேல். மோவாயை நெஞ்சோடு ஒட்டுங்கள். மேல்முதுகு அகலமாகத் தரையில் படும் அதே நொடியில், உடம்பிலிருந்து சற்று விலகிய இரு கைகளும் உள்ளங்கை கீழ்நோக்கித் தரையை அறைய வேண்டும். மூச்சை வெளியே விட்டுவிட வேண்டும். புதியவர்கள் பயத்தில் கையைப் பின்னால் ஊன்றுவார்கள். மணிக்கட்டோ முழங்கையோ போய்விடும். நேராக உட்கார்ந்தபடி விழுந்தால் வால் எலும்பில் அடி. நாலைந்து முறை ஒழுங்காக விழுந்துவிட்டு, அடுத்த முறை தலை தட்டினால் அன்றைக்கு பம்ப் போதும். தலைவலி, வாந்தி, குழப்பம் இருந்தால் ரிங்கிலிருந்து இறங்கி டாக்டரைப் பாருங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை ரிங் பக்கமே போகக்கூடாது. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

கயிற்றில் ஓடி மோதித் திரும்புவது டி.வி.யில் சுலபமாகத் தெரியும். பல இடங்களில் அது உள்ளே இரும்புக் கம்பி ஓடும் ரப்பர் குழாய். அக்குளும் விலாவும் சில வாரம் கன்றிப்போகும், அது சகஜம். மேல்கயிற்றை ஒரு கையால் பிடித்தபடியே மோத வேண்டும். தடுமாறினால் வெளியே போய் விழாமல் காப்பது அந்தப் பிடிதான்.

பணம் கட்டுமுன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். வேடிக்கை பார்க்க விடாத இடமென்றால் கிளம்பிவிடுங்கள். முதல் மாதமே மேல்கயிற்றிலிருந்து குதிக்கவிடுகிறார்களா, முதலுதவி தெரிந்தவர் இருக்கிறாரா, கேன்வாஸை யார் எப்போது கழுவுகிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குச் சிரிப்பார்கள். ஆனால் படர்தாமரை அந்த அழுக்குக் கேன்வாஸிலிருந்தும் பரவும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், அரைஞாண் எல்லாம் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று: அடுத்தவர் ரத்தம் மேலே படக்கூடிய தொழில் இது. ரத்தம் வழியே பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி போடாதவர்களுக்கு மூன்று தவணை முடிய ஆறு மாதம் ஆகும். ஆகவே நடைப்பயிற்சி தொடங்கும் வாரத்திலேயே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உடற்பயிற்சியாளர்கள் இருவர்,
சேலம்.