பழைய கார் பராமரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வீட்டு முகப்பைப் பட்டறையாக்கி வைத்திருக்கும் அன்பர்களே, அதற்கு இடம் விட்டுத் தந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை ஓர் உறுப்பினர் வீட்டில் கூடி, ஒரே ஒரு வேலையை எடுத்து முழுசாக முடிப்பது என்ற வழக்கம் இந்த ஆண்டும் தொடர்ந்தது. சென்னையில் நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசிடர், பிரீமியர் பத்மினி ஆகிய மூன்றுதான். அறிக்கையும் அவற்றைச் சுற்றியே அமைகிறது.

செயற்குழு முதலில் பதிவு செய்ய விரும்புவது இது. பல வண்டிகளில் பெயின்ட் கண்ணாடி போல் மின்னுகிறது. அடியில் படுத்துப் பார்த்தால் பிரேக் ஹோஸ் வெடித்திருக்கிறது, பெட்ரோல் ஹோஸ் ஊறிப் பருத்திருக்கிறது. பெயின்ட் கடைசி வேலை. திருப்புவதும் நிறுத்துவதும் நெருப்புப் பிடிக்காமல் காப்பதும் முதல் வேலை. பணத்தையும் அந்த வரிசையிலேயே செலவிடுங்கள்.

ஆண்டின் முக்கியமான அமர்வு ஹெரால்டின் முன் சக்கரத்துக்காக நடந்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கலோட்டி வரைந்த அழகான உடல், 948 சிசி எஞ்சின், நம் ஊரிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த வண்டி. அதன் பெரிய பலவீனம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டு: கீழ் ட்ரன்னியன். இது வெண்கலத்தால் ஆனது. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடி மரை இதற்குள் திருகி உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சுழல்வது இந்த மரைதான். இதற்குக் கிரீஸ் ஆகாது, கியர் ஆயில் 90தான் வேண்டும். அம்பாசிடரின் முன்பக்கத்துக்குக் கிரீஸ் அடிக்கும் அதே கன்னை ஹெரால்டுக்கும் நீட்டுவதில்தான் கெடுதி தொடங்குகிறது. கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. நாளடைவில் மெழுகுபோல் இறுகி, ஆயில் போகும் வழியையும் அடைத்துவிடும். மேலே உள்ள ரப்பர் சீல் கிழிந்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே தங்கி, எஃகு மரையின் மேற்சுற்றுகளைத் துரு தின்னும். தண்டு இடுப்பு ஒடுங்கியதுபோல் மெலிந்து ஒருநாள் முறியும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வண்டியை நிறுத்தும்போது முறிந்தால் சக்கரம் மடிந்து விழுவதோடு போகும். வேகத்தில் முறிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அமர்வில் பின்பற்றிய முறை வருமாறு. வண்டியை ஜாக்கியில் மட்டும் நம்பி விடாமல் ஸ்டாண்டில் நிறுத்தவும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்து, ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று இன்னொருவர் கைவைத்து உணரவும். ட்ரன்னியனின் அடைப்பான பிளக்கைக் கழற்றி, அங்கே கன்னைப் பொருத்தும் நிப்பிளைப் பூட்டி, ஆயில் நிரப்பிய தனிக் கன்னால் மேல் சீல் வழியே புது ஆயில் கசியும் வரை அடிக்கவும். அடிக்கும்போதே ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்ப வேண்டும், அப்போதுதான் எல்லாச் சுற்றிலும் ஆயில் ஏறும். கன் தவறிப்போகாமல் இருக்க அதில் சிவப்பு பெயின்டால் ‘ஆயில் மட்டும்’ என்று எழுதி வையுங்கள். கம்பெனிக் கணக்குப்படி 6,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். நம் வண்டிகள் ஆண்டுக்கு அவ்வளவு ஓடுவதில்லை. ஆகவே ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதில் ஒன்று வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு.

இதற்குமுன் என்ன அடித்தார்கள் என்று தெரியாத வண்டியை வாங்கியிருந்தால், ஆயில் அடிப்பதோடு விட்டுவிடாதீர்கள். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மரையை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குக் குழி இருந்தால் தண்டும் ட்ரன்னியனும் இரண்டுமே மாற வேண்டும். வெல்டிங் வைத்துத் திரும்ப மரை வெட்டித் தருவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் எதிரெதிர் மரை, மாற்றிப் பூட்ட வராது. பூட்டும்போது அடிவரை திருகி, பிறகு ஒரு சுற்றுக்குள் பின்வாங்கி நிறுத்த வேண்டும். அடியிலேயே விட்டால் முழுக்கத் திருப்பும்போது மரை முட்டித் தண்டில் அழுத்தம் ஏறும்.

அடுத்தது பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இன்று பங்க்கில் கிடைக்கிறது. அறுபது எழுபதுகளில் வடிவமைத்த ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் முதலில் டேங்க்கின் உள்ளே படிந்த பழைய அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். பிறகு ஹோஸை உள்ளிருந்து ஊறவைக்கும். டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் ஏசி பம்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் மெல்லிய சவ்வு) உப்பும் அல்லது விறைக்கும். காற்றின் ஈரத்தை இழுத்து, அளவு மீறும்போது தண்ணீரோடு பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும், அங்கே துரு பிடிக்கும். கார்பரேட்டரைத் திறந்தால் கிண்ணத்தில் வெள்ளை மாவு போல் படிந்திருப்பதும் இதனால்தான்.

ஹோஸ் அனைத்தையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். ஹோஸின் மேல் ‘ஜே30 ஆர்9’ என்ற தரக்குறி அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் ‘பெட்ரோல் ஹோஸ்’ என்று கேட்டால் கடைக்காரர் கையில் அகப்பட்டதைத் தருவார். பல் போட்ட கிளிப் புது ஹோஸை அறுக்கும், வழவழப்பான பட்டைக் கிளிப்பே சரி. மாற்றிய மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவி முகர்ந்து பாருங்கள்.

எஞ்சினுக்குப் போகும் காற்று-பெட்ரோல் கலவையும் பெட்ரோல் குறைந்து மெலிந்து போகிறது. வெறும் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், இந்தக் கலப்புக்கு 13.5 போதும். அதாவது அதே காற்றுக்கு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதல் பெட்ரோல் போக வேண்டும். பெட்ரோல் போகும் துளையின் பரப்பு 9 சதவீதம் கூட, விட்டம் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடினால் போதும். சோலெக்ஸ் கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைத் துண்டான ஜெட்டின் எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் குறிப்பது. ஆகவே 115 மெயின் ஜெட் இருக்கும் இடத்தில் 120 போட்டுப் பார்க்கலாம். ஜெட்டை ஊசியால் குடைந்து பெரிதாக்க வேண்டாம், துளை கோணலாகிப் பிறகு எந்தக் கணக்கும் நிற்காது. ஏற்றத்தில் திணறல், கார்பரேட்டர் வழியே ‘புஸ்’ என்று திருப்பி அடிப்பது, ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் வெள்ளை வெளேரென்று இருப்பது ஆகியவை மெலிவின் அடையாளம். பிஸ்கட் நிறம் வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால் டேங்க்கை வடித்து, கார்பரேட்டர் வறளும் வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். டேங்க் ஓட்டையை வீட்டில் பற்றவைக்க ஒருபோதும் முயல வேண்டாம். காலி டேங்க்கில் தங்கும் ஆவிதான் வெடிப்பது.

பிரேக் விஷயத்தில் ஒரு பழைய உண்மையை மறுபடி சொல்கிறேன். இந்த வண்டிகளின் பழைய அமைப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் பாதை. எங்கே கசிந்தாலும் மிதி தரையைத் தொடும். ஆயில் ஈரம் இழுக்கும், ஈரம் சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரில் குழி பறிக்கும், குழி அதன் உள்ளே உள்ள ரப்பர் கப்பைக் கிழிக்கும். டாட் 3 தரப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் 205 டிகிரி, ஈரம் ஏறினால் 140-க்கு இறங்கிவிடும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றவும். மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி, பாதையில் தங்கிய காற்றை வெளியேற்றி வரவும். குழி விழுந்த சிலிண்டரைத் தேய்த்துத் தேய்த்துப் பெரிதாக்காமல், லேத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் (உள் உறை) போட்டு வாங்குங்கள். ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே இருக்கிறதா? அந்தச் சக்கரத்தில் காற்றெடுக்கும் திருகான பிளீடர் நிப்பிளைத் தளர்த்துங்கள். உடனே விடுபட்டால் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது. விடுபடாவிட்டால் பிஸ்டனோ பிரேக் ஷூவோ இறுகியிருக்கிறது.

அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினுக்கு டேப்பெட் வைக்கும், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் அமர்வு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஒன்பது கணக்குதான்: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை, ஆறு திறந்திருக்கும்போது மூன்றை, இப்படிக் கூட்டினால் ஒன்பது வரும்படி. இடைவெளி 0.38 மில்லிமீட்டர். 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றபிறகு, அந்த ஈயத்தின் காப்பு இல்லாமல், வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட்டிலேயே வெட்டிய வால்வு சீட் மெல்லத் தேய்ந்து வருகிறது. ஒவ்வொரு முறையும் இடைவெளி குறைந்துகொண்டே போகிறதா என்று எழுதி வையுங்கள். போனால், அடுத்து ஹெட் கழற்றும்போது கடினமான சீட் வளையம் போட்டுவிடலாம்.

துரு எடுக்க மின்பகுப்பு முறையைச் செய்து காட்டினோம். பிளாஸ்டிக் தொட்டி, லிட்டருக்கு 15 கிராம் சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த உதிரியை நெகட்டிவில், பழைய இரும்புத் தகட்டைப் பாசிட்டிவில் மாட்டவும். இரண்டும் தொடக்கூடாது. தகட்டுக்கு ஸ்டெயின்லெஸ் போடவே கூடாது, தண்ணீரில் நச்சுக் குரோமியம் கலக்கும். அலுமினியம், பித்தளை, நாகமுலாம் போட்டவை தொட்டிக்குள் போகக்கூடாது. ஹைட்ரஜன் கிளம்புவதால் வேலை திறந்தவெளியில்தான் நடக்க வேண்டும், அருகே பீடி சிகரெட் கூடாது. எடுத்தவுடன் கழுவி, காயவைத்து, அன்றே பிரைமர் அடியுங்கள். கடற்காற்றில் மறுநாளே செம்பொடி பூத்துவிடும். அம்பாசிடர், பத்மினியில் கதவின் கீழ்த் தகட்டை வெட்டுமுன் கதவுவாயின் குறுக்கே இரும்புச் சட்டம் பற்றவைத்துத் தாங்குங்கள். தனிச் சேசிஸ் இல்லாத அந்த உடல் தொய்ந்தால் கதவு பிறகு மூடாது.

பதிவெண் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். 2021-இல் வந்த விதித் திருத்தப்படி, 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு ‘விஏ’ எழுத்துகள் கொண்ட தனிப் பதிவு கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு, புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் கடைக்கும் கோவிலுக்கும் ஓட்டுகிறவர்கள் இதற்கு அவசரப்பட வேண்டாம்.

பொதுக் கருவிகளில் செயின் பிளாக்கும் கம்ப்ரஷன் கேஜும் நல்ல நிலையில் உள்ளன. நட்டை அளவாக இறுக்கும் டார்க் ஸ்பேனரை உபயோகித்தபின் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வைக்காமல் கொடுப்பது நடக்கிறது. அப்படித் திருப்பாமல் வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்து அளவு பொய்த்துவிடும், தயவுசெய்து கவனியுங்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பொதுக்குழு முன் வைக்கும் தீர்மானம் ஒன்றுதான். சங்கத்தின் ஊர்வலத்தில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு வண்டியின் பானட்டுக்குள்ளும் ஓர் அட்டை தொங்க வேண்டும். அதில் பிரேக் ஆயில் மாற்றிய தேதி, பெட்ரோல் ஹோஸ் மாற்றிய தேதி, ஹெரால்டு என்றால் ட்ரன்னியனுக்கு ஆயில் அடித்த தேதி ஆகிய மூன்றும் உரிமையாளர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அட்டை இல்லாத வண்டி, எவ்வளவு பளபளத்தாலும், வரிசையில் சேராது. இதையும் இவ்வறிக்கையையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்