மடத்து வளவில் கூத்தும் ஓவியமும்

அன்பு மகள்,

மட்டக்களப்புக் கல்லடியில் மடத்து வளவுக்குள் ஒருநாள் கலைவிழா நடத்தும் பொறுப்பு உன் கைக்கு வந்ததில் எனக்கும் அம்மாவுக்கும் பெரிய சந்தோஷம். 1947 இல் பழந்தமிழ் இசையை ஆராயும் யாழ் நூலை அரங்கேற்றிய விபுலாநந்த அடிகள் துயிலும் ஊர் அது.

நீ அனுப்பிய வரைபடத்தில் மதிலோரம் மேடை போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடு மனே. நம் கூத்து வட்டக்களரியில் வளர்ந்தது, நாலு பக்கமும் சனம் இருக்க ஆடுவது. மேடையில் ஏற்றினால் ஆட்டக்காரர் முன்பக்கம் பார்த்தே நிற்கவேண்டி வரும், கிறுகி ஆடும் ஆட்டத்தின் அழகு பாதி போய்விடும். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனார். மண்டபத்தில் ஆட அது தேவைப்பட்டது. திறந்த வளவு இருக்கும்போது நமக்கு ஏன்?

களரிக்கு 25 அடி விட்டம் எடு. தென்னைக்குக் கீழே மட்டும் வேண்டாம். அந்த வளவு எங்கும் மணல் நிலம். கால் புதையும், அடி விழும் சத்தம் எழும்பாது, ஆடுகிறவர்களும் கெதியில் களைத்துப்போவார்கள். அதனால் 4 அங்குல உயரத்துக்குக் களிமண் பரப்பி இடிக்க வேண்டும். இடித்து முடிய ஒன்றரைக் கியூபுக்குச் (ஒரு கியூப் நூறு கன அடி) சற்றுக் கூட நிற்கும், ஆனால் இடிக்கும்போது மண் இறுகும் என்பதால் இரண்டு கியூபுக்குக் குறைய இறக்காதே. இரண்டு நாள் முந்தியே நனைத்து இடித்துக் காயவிடு. விழா அன்று பின்னேரம் புழுதி அடங்கும் அளவுக்குத் தெளித்தால் காணும். கூடத் தெளித்தால் வழுக்கும். வடமோடி வகைக் கூத்தின் வளையம் வைத்த கரப்புடுப்போடும் கிரீடத்தோடும் விழுந்தவர் எழும்புவது லேசில்லை. வெறுங்காலால் ஆடுவார்கள், கல்லும் முள்ளும் பொறுக்கிவிடு.

மைக்கை மத்தளத்துக்குக் கிட்ட வைக்க விடாதே. அதன் சத்தம் பாட்டை விழுங்கிவிடும். பிற்பாட்டுக்காரருக்கு இரண்டு மைக் போதும். முன்னூறு பேருக்குள் என்றால் அதுவும் வேண்டியதில்லை. வாவிப் பக்கத்து ஈரக்காற்றில் மத்தளத்தோல் தளரும், ஆட்டம் தொடங்கும்வரை துணி சுற்றி உள்ளே வைக்கச் சொல். விளக்குகளை 12 அடிக் கம்பங்களில் நாலு பக்கமும் கட்டு, தாழ்ந்தால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களின் கண்ணில் அடிக்கும். ஈரமண்ணில் வயர் ஓடுவதால் மின் கசிந்தால் தானே நிறுத்தும் ட்ரிப் சுவிச் இல்லாமல் ஒரு விளக்கையும் ஏற்றாதே.

நேரத்தைக் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரோடு இருந்து பேசு. விடிய விடிய ஆடுவதை ஒன்றரை மணித்தியாலமாக்கலாம், ஆனால் எந்தக் கட்டத்தை எடுப்பது என்று அவர் சொல்லட்டும். நிமிடக் கணக்குப் பார்க்கிறவர்கள் முதலில் வெட்டுவது, பாத்திரம் களரிக்குள் வரும்போது ஆடும் வரவு ஆட்டத்தைத்தான். அது போனால் வருவது அரசனா சேவகனா என்று சனத்துக்கு விளங்காது. சிறுவர்கள் கோலடித்து ஆடும் வசந்தனை வெயில் தாழ வை. மடத்தில் மாலை ஆரத்தி முடியும்வரை எந்த வாத்தியமும் ஒலிக்கக் கூடாது.

ஓவியங்களை மரத்தில் கட்டித் தொங்கவிடும் யோசனை பார்க்க வடிவு, படத்துக்குக் கேடு. நீர்வர்ண ஓவியத்துக்கு நூதனசாலைகள் 50 லக்ஸ் ஒளியோடு நிறுத்துகின்றன. வெளியில் உச்சி வெயில் ஒரு லட்சத்தைத் தொடும். விறாந்தையில் மாட்டு. கிழக்கு விறாந்தைக்குக் காலை வெயில் நேரே வரும், ஆனி, ஆடியில் வடக்கிலும் வெயில் விழும், தெற்குப் பக்கத்தை எடு. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 4 அடி 9 அங்குலத்தில் இருக்கட்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட வருவார்கள் என்றால் நாலரை அடி. ஒற்றை ஆணியில் மாட்டினால் காற்றுக்குச் சரியும், இரண்டாக அடி. சட்டத்தின் பின்மூலைகளில் சிறு தக்கை ஒட்டினால் பின்னால் காற்றோடும், சுவரின் ஈரம் ஏறாது. கண்ணாடியும் தாளும் தொட்டுக்கொள்ளாமல் நடுவே கடதாசி மட்டை இருக்க வேண்டும். தொட்டால் ஈரத்துக்கு ஒட்டிக்கொள்ளும், பிறகு கழற்றும்போது வர்ணம் உரிந்து வரும். இரட்டைப்பக்க டேப்பை நம்பாதே, நம் வெக்கைக்கு அது மத்தியானத்துக்குள் விட்டுவிடும்.

மாரியைத் தவிர்த்து ஆனி, ஆடியில் வைத்தால் கச்சான் காற்று அடிக்கும். நிறுத்திவைக்கும் காட்சிப் பலகைகளின் ஒவ்வொரு காலிலும் மணல்மூட்டை கட்டு. கூத்துத் தொடங்கமுன் விறாந்தையைப் பூட்டிவிடு. சனம் ஒரே நேரத்தில் இரண்டையும் பார்க்காது, காவலுக்கு நிற்கும் பிள்ளைகளும் ஆட்டம் பார்க்கட்டும்.

வளவின் அளவுகளை அடிக்கணக்கில் குறித்து அனுப்பு. களரி எங்கே வரலாம் என்று அடையாளமிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா