ஐடிலிங்கில் உதறும் பழைய பிக்கப்: சென்சாரை மாற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பெட்ரோல் பிக்கப் ஐடிலிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) உதறுகிறது, ஸ்கேனரில் 'லீன்' கோடு (கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்ற பிழைக்குறி) வருகிறது என்று கேட்ட வாசகருக்கு, ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றும்படி தங்கள் வாகனப் பக்கத்தில் பதில் தரப்பட்டிருந்தது. பெரும்பாலும் அது வீண் செலவு. புகையில் ஆக்ஸிஜன் மிச்சமிருக்கிறது என்று சென்சார் உள்ளதைத்தான் சொல்கிறது. அது ஏன் மிஞ்சுகிறது என்று பார்க்காமல், சொன்ன சென்சாரைக் கழற்றி எறிவதில் என்ன பயன்?

ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஐடிலிங்கில் காற்றை உள்ளே விடும் கதவான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியே இருப்பதால் எஞ்சினுக்குள் போகும் காற்று மிகக் குறைவு. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டில் உறிஞ்சும் விசையோ அதிகம். அந்த நேரத்தில் ஒரு ஹோஸில் சின்ன வெடிப்பு இருந்தாலும் அதன் வழியே நுழையும் காற்று மொத்தத்தில் பெரிய பங்காகிவிடும். 2500 ஆர்பிஎம்மில் அதே வெடிப்பு ஒரு பொருட்டே இல்லை. நின்றால் உதறும் வண்டி ரோட்டில் நன்றாக ஓடுவது இதனால்தான்.

நோயைப் பிரிக்கவும் இதே கணக்கு உதவும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஸ்கேனரில் ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ஃப்யூவல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற அளவு) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. ஐடிலிங்கில் +20, ஆக்சிலேட்டரை 2500-இல் பிடித்தால் +4 என்று இறங்கினால் காற்றுக் கசிவு. ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து, லோடு ஏற ஏற ட்ரிம் கூடினால் பெட்ரோல் போதவில்லை: ஃபில்டர், பம்ப் பிரஷர், அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் அழுக்கேறியிருக்கலாம். அந்தச் சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவ வேண்டும். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியில் விரலோ துணியோ படக்கூடாது. சிலிண்டர்கள் இரு பக்கமாகப் பிரிந்திருக்கும் வி-எஞ்சினில், பக்கத்துக்கு ஒன்றான லீன் கோடுகள் பி0171, பி0174 இரண்டில் ஒன்று மட்டும் வந்தால் அந்தப் பக்கத்து இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்டை (இணைப்பில் காற்று புகாமல் அடைக்கும் தகடு) சந்தேகியுங்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் இரு பக்கத்துக்கும் பொதுவான இடத்தில் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏர் ஃப்ளோ சென்சார் இல்லாமல் மேனிஃபோல்டு பிரஷரை மட்டும் அளக்கும் வண்டிகளில் கசிவு பெரும்பாலும் லீனாகத் தெரியாது. உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ப கம்ப்யூட்டரே பெட்ரோலைக் கூட்டிவிடும், ஐடிலிங் மட்டும் ஏறி நிற்கும்.

ஸ்கேனர் மாட்ட வழியில்லாத வண்டிக்கு, மேனிஃபோல்டின் உறிஞ்சுவிசையை அளக்கும் வேக்வம் கேஜ் போதும். கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 22 அங்குலம் (பாதரச அளவு) வரை காட்டும். 1000 அடி உயரத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் குறையும். முள் ஆடாமல் 13, 14-இல் நின்றால் கசிவாக இருக்கலாம், இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கியும் இருக்கலாம். டைமிங்கை முதலில் சரிபாருங்கள்.

தேடும் இடங்களில் பிசிவி ஹோஸின் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்) முழங்கை முதலாவது. மேலே பார்த்தால் புதிதுபோல இருக்கும். அடிப்பக்கம் எண்ணெய் ஊறி நொய்ந்து, விரலால் மடக்கினால்தான் வெடிப்பு வாயைத் திறக்கும். அடுத்து பிரேக் பூஸ்டர் ஹோஸ். துணி சுற்றிய ப்ளையரால் நெரித்துப் பிடியுங்கள். உதறல் அடங்கினால் கோளாறு அந்தப் பக்கம்தான். ஏர் ஃப்ளோ சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயின் மடிப்புகளையும் விரித்துப் பாருங்கள். கியர் போட்டதும் எஞ்சின் சாயும்போது மட்டும் திறக்கும் வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். குளிர்ந்த எஞ்சினில் உதறி, சூடானதும் அடங்கினால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டைப் பாருங்கள். உலோகம் விரிந்து இடைவெளியை அடைத்துவிடுகிறது.

ஓடும் எஞ்சின்மேல் கார்புரேட்டர் க்ளீனரை அடித்துக் கசிவு தேடுவது பரவலான பழக்கம். பக்கத்திலேயே கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் பொறி பறக்கும் பழைய பிளக் வயரும் இருக்கின்றன, தயவுசெய்து விட்டுவிடுங்கள். பூச்செடிக்கு அடிக்கும் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, டிஸ்ட்ரிபியூட்டரில் படாமல் இணைப்புகளில் அடித்தாலே போதும். தண்ணீர் ஒரு நொடி ஓட்டையை அடைக்கும், எஞ்சின் சத்தம் மாறும். புகை விட்டுப் பார்க்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது.

லீன் என்று ஏமாற்றும் கோளாறுகளும் உண்டு. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஊதினால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் ஆனால் (எரியாமல் விட்டால்) எரியாத காற்று அப்படியே வெளியே வரும்; சென்சார் அதையும் லீன் என்றே படிக்கும். எனவே பிளக், வயர், கம்ப்ரஷன் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். எரிந்த புகையில் கொஞ்சத்தை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கினாலும் ஐடிலிங் உதறும். ஆனால் உள்ளே வருவது எரிந்த புகை என்பதால் ட்ரிம் ஏறாது.

கார்புரேட்டர் வண்டியில், ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெதுவாக அடி வரை மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். அழுத்தி முறுக்கினால் ஊசி முனை கெட்டுவிடும். நான்கு சுற்று திறந்தால்தான் நிற்கிறது என்றால் ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது எங்கோ காற்று நுழைகிறது. த்ராட்டில் ஷாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆடினால் எந்த கேஸ்கெட்டும் உதவாது, புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் வளையம்) போட வேண்டும்.

கசிவை அடைக்காமல் லீனாகவே ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும் அபாயம் உண்டு. அதற்குப் புதுச் சென்சார் மருந்தல்ல.

சென்சார் கெட்டதா என்று அறிய எளிய சோதனை இருக்கிறது. எஞ்சின் சூடாக ஓடும்போது ஏர் ஃபில்டர் வாயில் கொஞ்சம் புரொப்பேன் வாயுவை விடுங்கள். ஆக்ஸிஜன் சென்சாரின் வோல்டேஜ் சட்டென்று 0.8-ஐத் தாண்ட வேண்டும். வாயுவை நிறுத்தி ஒரு வேக்வம் ஹோஸைக் கழற்றினால் 0.2-க்குக் கீழே இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால் சென்சார் நல்ல நிலையில் இருக்கிறது. கேள்வி கேட்ட வாசகர் காசைக் கொட்டும் முன், இந்தச் சோதனையையாவது திருத்தமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் வாசகர்