கிணற்றுக் கயிற்றை நினைவுபடுத்தியவர்களுக்கு நன்றி

அன்புக்குரிய எல்லோருக்கும்,

கடந்த ஐப்பசியில் இரண்டு ராத்திரி விடாமல் அடித்த காற்று மழையில் எங்கள் கல்லூரிப் பெண்கள் விடுதியில் ஏறக்குறைய 200 பிள்ளைகள் இருந்தார்கள். மெஸ்ஸின் மேற்குப்பக்கத்து ஷீட் பறந்துபோனது. அயனி மரத்தின் ஒரு பெரிய கிளை சைக்கிள் ஷெட்டை அமுக்கிவிட்டது. மூன்று நாள் கரண்ட் இல்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கும் சின்னக் கீறல்கூட விழவில்லை. மூன்று வேளையும் சூடான சாப்பாடு, குடிக்கச் சுடுவெள்ளம், குளிக்கவும் தண்ணீர் இருந்தது.

பெற்றோர் பலர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். அந்த நன்றியை நானே வைத்துக்கொள்ள மனசு கேட்கவில்லை. அது சேரவேண்டியது, நாங்கள் எழுதி வைத்திருந்த புயல்காலத் திட்டத்தைப் பார்த்துவிட்டு “இது சரிப்படாது டீச்சரே” என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களுக்கு. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதலில் 2017 நவம்பர் 30-ஐப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அன்று வியாழக்கிழமை. விடுதிப் பொறுப்பு என் கைக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. முந்தின நாள் காலையில் இலங்கைக்குத் தென்கிழக்கே வெறும் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை குமரிக்கடலில் ஓகி என்ற புயலாகி நின்றது. இடையில் ஒரே ஒரு நாள்தான். பக்கத்து விளையில் ரப்பர் மரங்கள் பாதியில் முறியும் சத்தம் வெடி வெடித்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. கரண்ட் போனது, அதோடு மோட்டாரும் போனது, மத்தியானத்துக்குள் மேல்தொட்டி காலி. கிணறு இருந்தது, தண்ணீரும் கிடந்தது. தண்ணீர் கோர வாளி இல்லை, கயிறு இல்லை, கப்பி துருப்பிடித்து அசையவே இல்லை. துணி காயப்போடும் கயிறுகளை முடிந்து, பெயின்ட் வாளியில் கட்டிக் கோரினோம். இரண்டாம் நாள் முடிச்சு அவிழ்ந்து வாளியும் கிணற்றுக்குள் போய்விட்டது.

அதைவிடப் பெரிய தப்பை நான் செய்தேன். பிள்ளையைத் தேடி வந்த பெற்றோர் கையில், விழுந்து கிடந்த மரத்தையும் கம்பியையும் தாண்டி வந்திருக்கிறார்களே என்ற இரக்கத்தில், எழுதி வாங்காமல் அனுப்பிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் பாறசாலைப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் களியக்காவிளை தாண்டி நடந்தே வந்து “என் மோள் எங்கே?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தோழியின் அப்பாவோடு அவள் போயிருக்கிறாள் என்பது ராத்திரி 9 மணிக்குத்தான் தெரிந்தது. போன் எதுவும் வேலை செய்யவில்லை. அதுவரை அவர் கேட்டுக்கு வெளியே மழையில் நின்றார், உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் வரவில்லை. அவரைத்தான் நான் முதலில் வணங்க வேண்டும். இப்போது எங்கள் விடுதியில் யார், யாரோடு, எத்தனை மணிக்கு, எந்த வழியாகப் போனார்கள் என்று எழுதும் நோட்டு இருப்பது அவரால்தான்.

அந்த நாட்களில் கடற்கரையில் நடந்ததற்கு முன்னால் எங்கள் பாடு ஒன்றுமில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குப் புயல் வருகிற செய்தியே போய்ச் சேரவில்லை. எங்கள் வகுப்பிலேயே அப்பாவை, அண்ணனை இழந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்த நாளில் வருகைப் பதிவேட்டை எடுக்க என் கை எழும்பவில்லை.

அதன்பிறகு திட்டம் ஒன்று எழுதினோம். முன்னாள் மாணவி ஒருத்தி அமெரிக்காவில் புளோரிடாவில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கல்லூரியின் ஹரிகேன் திட்டத்தை அனுப்பிவைத்தாள். அங்கே ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். காற்று தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன்னால் ஒரு அறிவிப்பு, 36 மணி நேரம் முன்னால் இன்னொன்று. பிள்ளைகளைக் காரில் ஏற்றி உள்நாட்டுக்கு அனுப்பிவிட்டு, புயல் கடக்கும்வரை வளாகத்தில் தங்க ஒரு குழுவை மட்டும் முன்கூட்டியே பெயர் குறித்து வைப்பார்களாம். கார் கதை நமக்கு ஆகாது. ஆனால் ‘இன்ன வேலைக்கு இன்னார், அவர் இல்லையென்றால் இன்னார்’ என்று இரண்டு பெயர் எழுதும் வழக்கத்தை அதிலிருந்துதான் எடுத்தோம். மகளே, நீ ராத்திரி கண்விழித்து அதைத் தமிழில் எழுதி அனுப்பினாய். அதை மறக்கமாட்டேன்.

ஆனாலும் அந்த முதல் திட்டம் ஆபீசில் உட்கார்ந்து எழுதியது. ‘உணவு வழங்கப்படும்’, ‘குடிநீர் உறுதி செய்யப்படும்’ என்றெல்லாம் அதில் இருந்தது. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை மெஸ் ஹாலில் எல்லோரையும் கூட்டி அதை வாசித்தோம்.

முதலில் எழுந்தது சமையல்கட்டு அக்கா. “வழங்கப்படும்னு எழுதியிருக்கியளே, அடுப்பை யாரு பத்தவைப்பா? கரண்ட் இல்லாம கிரைண்டர் ஓடுமா? தோசை மாவுக்கு எங்க போவேன்?” என்று கேட்டார். பிறகு அவரே விரலை மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார்: கஞ்சியும் பயறும், மரச்சீனிக் கிழங்கு, தேங்காய்ச் சம்மந்தி, கட்டன் சாயா. அரைக்கவேண்டாம், ஆட்டவேண்டாம். ஐப்பசி பிறக்கும் முன்னே நாலு நாளைக்கு விறகு காய்ந்த இடத்தில் அடுக்கவேண்டும், ஒரு காஸ் சிலிண்டர் தொடாமல் இருக்கவேண்டும், முதல் அறிவிப்பு வந்தவுடன் தொட்டியும் அண்டாவும் குட்டுவமும் நிறைந்திருக்கவேண்டும். கடைசியாக, “கிணத்துக் கயிறு, டீச்சரே. அதை எழுதியாச்சா?” என்றார். அந்தத் தாளில் கயிறு இல்லை. ஓகியில் கை தோல் உரியக் கோரியவர் அவர், திட்டத்தை எழுதியவள் நான். இன்று எங்கள் திட்டத்தின் முதல் வரி ‘கிணறு: கயிறு, இரண்டு வாளி, கப்பிக்கு எண்ணெய்’ என்பதுதான்.

அடுத்து பேசியவர் எங்கள் மாணவி ஒருத்தியின் பாட்டி. கடற்கரை ஊரிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்தவர், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ‘காற்று நின்றதும் மாணவியரை வெளியேற்ற வேண்டும்’ என்ற வரி வந்தபோது கையைத் தூக்கிவிட்டார். “காத்து நின்னுச்சுன்னு பிள்ளைகளை எறக்காதீங்க. புயலுக்குக் கண்ணு உண்டு. கண்ணு நேர் மேல வந்தா எல்லாம் அடங்கும், வானம்கூட வெளுக்கும். பொறவு எதிர்ப்பக்கத்திலேருந்து ஒரு அடி அடிக்கும் பாருங்க. மொத அடியில ஆடின மரத்தை ரெண்டாவது அடி சாய்க்கும்.” ஓகி என்ற பெயரை வைத்தது வங்கதேசம், வங்காள மொழியில் அதற்குக் கண் என்றே அர்த்தம். எனக்கு அது பத்திரிகையில் படித்த செய்தி. அந்த அம்மாவுக்கோ அது அவர் வீட்டுக்காரரும் மகனும் கடலில் கண்டு வந்து சொன்னது. அந்த வரியை அங்கேயே அடித்தோம். ரேடியோவில் புயல் கடந்துவிட்டது என்று அறிவிப்பு வரும்வரை கதவு திறக்கக்கூடாது என்று மாற்றினோம். பாட்டரி ரேடியோ வாங்கியதும் அவர் சொல்லித்தான்.

இன்னொன்றையும் அவர் சொல்லித்தான் புரிந்துகொண்டேன். 72 மணி நேரம் முன்னால் முன்னறிவிப்பு, 48-இல் மஞ்சள், 24-இல் ஆரஞ்சு என்று படிப்படியாக வரும் என நம்பி எழுதியிருந்தோம். “இங்க கடல் நம்ம வாசல்ல வச்சே மாறும் மக்களே” என்றார். 2017-இல் நாங்கள் கண்ணால் கண்டதுதான் அது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழைக்குப் புயல் என்ற பெயர்கூடக் கிடையாது. அதனால் எச்சரிக்கை வந்தபின் செய்யவேண்டியதைக் குறைத்து, புரட்டாசியிலேயே செய்துமுடிப்பதைக் கூட்டினோம்.

லைன்மேன் அண்ணன் சொன்னதைக் கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. எங்கள் ஜெனரேட்டரை எலக்ட்ரீஷியன் ஒருவர் எப்போதோ மெயினோடு நேராகக் கோர்த்து வைத்திருந்தார். “சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாம இதை நீங்க ஓடவிட்டா, கரண்ட் வெளிய லைனுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர்ல ஏறி 11,000 வோல்ட்டாயிரும். லைன் செத்துக்கிடக்குன்னு நினைச்சு போஸ்ட்ல ஏறி நிக்கது நாங்க” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அந்த வாரமே சுவிட்ச் மாற்றினோம். ஜெனரேட்டரைப் போடும் முன் கரண்ட் ஆபீசுக்குத் தகவல் சொல்வது இப்போது வாட்ச்மேன் அண்ணனின் பொறுப்பு. ஓகிக்குப் பிறகு வீடு வீடாக வெளிச்சம் திரும்ப வாரக்கணக்கில் மழையில் போஸ்ட் நட்டவர்களில் அவரும் ஒருவர். அவரைக் கொல்லக்கூடிய ஒன்றை நாங்கள் ஷெட்டில் வைத்திருந்தோம். அண்ணே, மன்னித்துக்கொள்ளுங்கள்.

மரம் முறிக்கும் அண்ணனுக்குக் கூலி கொடுத்தோம், நன்றி சொல்லவில்லை. வளாகத்து மரங்களை எல்லாம் வெட்டுகத்தியின் பின்புறத்தால் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். அயனி மூட்டில் நின்று மறுபடி தட்டினார். “உள்ள பொள்ளல்” என்றார், உள்ளே பொந்து விழுந்திருக்கிறது என்று. முழுவதும் முறிக்க அனுமதி வாங்க நேரமாகும் என்றதும், பாரமான இரண்டு கிளையைக் கயிறு கட்டி இறக்கிவிட்டு, “மிச்சது விழுந்தா ஷெட்டு மேலதான் விழும். மழை தொடங்கினா அங்க ஆளை விடாதீங்க” என்று சொல்லிப்போனார். அப்படியேதான் விழுந்தது. ஷெட்டில் ஆள் இல்லை.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். பிரிட்ஜ் நின்றால் ஐஸ் பெட்டியில் வைக்கலாம் என்று நான் எழுதியிருந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டர் அதைத் திருத்தினார். ஐஸில் பட்டு உறைந்த இன்சுலின் மருந்தே இல்லையாம். போட்டுக்கொண்டிருக்கும் குப்பி அறைச்சூட்டில் ஏறக்குறைய நாலு வாரம் தாங்கும், பிரிக்காததைச் சட்டிக்குள் சட்டி வைத்து நடுவில் ஈரமணல் போட்டு நிழலில் வைக்கலாம் என்று செய்தே காட்டினார். ஐப்பசியில் அந்த மூன்று நாளும் மணலுக்குத் தண்ணீர் தெளித்தது அவளுடைய அறைத்தோழி. ராத்திரி 2 மணிக்கு டார்ச்சோடு அவள் சட்டிப் பக்கம் குனிந்து நின்றதை நான் படியில் நின்று பார்த்தேன்.

கேரள எல்லையில் இருக்கிற எங்களுக்கே உள்ள தொல்லை ஒன்றும் உண்டு. நெய்யாற்றின்கரைப் பிள்ளைகளுக்கு அந்தப்பக்கத்துக் கலெக்டர் விடுமுறை விட்டிருப்பார், இங்கே விட்டிருக்கமாட்டார்கள். விடுதி மேல்மாடியில் நின்று மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077 அழுத்தினால் சில நேரம் போன் அங்குள்ள டவரைப் பிடித்துவிடும், மலையாளத்தில் பேசுவார்கள். இதைச் சோதித்துப் பார்த்துச் சொன்ன நாட்டுநலப்பணித் திட்டப் பிள்ளைகள், எங்கே நின்றால் நாகர்கோவில் கிடைக்கும் என்று சுவரில் பெயின்டால் குறித்தே வைத்துவிட்டார்கள். எந்தப் பக்கம் விடுமுறை விட்டாலும் நம் விடுதிக்கும் அது விடுமுறை என்று முடிவெடுத்த முதல்வருக்கு நன்றி. காற்று தொடங்கிய பிறகு யாரும் பிள்ளையைக் கூட்ட வரவேண்டாம் என்று நாங்கள் கேட்டுக்கொண்டதை மதித்து, வீட்டில் உட்கார்ந்து தவித்த எல்லாப் பெற்றோருக்கும் நன்றி. அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

குழித்துறை சப்பாத்தில், அதாவது ஆற்றுத் தரைப்பாலத்தில், தண்ணீர் ஏறியதும் சுற்றுவழியில் பால் கொண்டுவந்த ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகள், போன் சார்ஜ் போட ஜெனரேட்டர் லைன் தந்த பள்ளிவாசல் நிர்வாகம், மண்டபத்துச் சாவியைக் கேட்குமுன் அனுப்பிய கோயில்காரர்கள், ஓட்டைத் தார்ப்பாயை மழையோடு மழையாக மாற்றிக் கட்டிய மூன்றாமாண்டு மாணவர்கள் எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

அடுத்த புரட்டாசி முதல் சனிக்கிழமை மறுபடி கூடுகிறோம். திட்டத்தின் புதுப் பிரதி மெஸ் வாசலில் தொங்குகிறது, பக்கத்தில் பென்சிலும் கட்டியிருக்கிறோம். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை மாடிக்கு ஏற்றுவது எப்படி என்பதற்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள். கயிறு மாற்றியாயிற்று, 20 மீட்டர், புதுசு.

மரம் முறிக்கும் அண்ணனுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வெட்டுகத்தி ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது. சமையல்கட்டு அக்கா எண்ணெய் தடவி, சாக்கில் பொதிந்து வைத்திருக்கிறார். வரும்போது சாயா குடித்துவிட்டுத்தான் போகவேண்டும்.

நன்றியுடன்,
விடுதிக் காப்பாளர்
விளவங்கோடு வட்டம், குமரி மாவட்டம்